பேராசிரியர் பணியிடம்: நீர், காலநிலை, துருவ ஆய்வாளர்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புழுதிதான் வந்தது என்ற பேச்சைச் சேலத்தில் கேட்காத தெரு கிடையாது. காலுக்கடியில் இருப்பது சார்னோகைட்டும் நைஸும். மணலைப் போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பாறைகள் அல்ல இவை. ஆழத்தில் வெடிப்பில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். தலைக்கு மேலே சேர்வராயன் மலையில் மழை கொட்டுகிறது, திருமணிமுத்தாறு ஊருக்கு நடுவே சாக்கடையைச் சுமந்து ஓடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் நீரையும் காலநிலையையும் ஆழமாகப் படித்த ஒரு மூத்த ஆய்வாளரின் பணியிடம் அலங்காரத்துக்கானது இல்லை. ஆனாலும் அந்த இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது, அல்லது பொருந்தாதவர் வந்து உட்காருகிறார். காரணம் பெரும்பாலும் நேர்காணல் அறையில் இல்லை. அதற்கு ஆறு மாதம் முன்பு, விளம்பரம் எழுதும் மேசையிலேயே தவறு நடந்துவிடுகிறது.

ஒரே வரி விளம்பரம்

"பேராசிரியர், சுற்றுச்சூழல் அறிவியல், சிறப்புத் துறை: காலநிலை மாற்றம்." பல நிறுவனங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்த வரியைப் படித்து விண்ணப்பிக்கக் கூடியவர்கள் ஒருவரோடொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். ஒருவர் கணினியில் பருவமழை மாதிரிகளை ஓட்டுபவர். அவருக்கு ஆய்வகமே வேண்டாம், கணிப்பொறித் திறனும் வேகமான இணைப்பும் போதும். இன்னொருவர் பனியாறுகளை அளப்பவர். ஆண்டில் மூன்று மாதம் ஊரில் இருக்கமாட்டார். மூன்றாமவர் நிலத்தடி நீரியல்காரர். கிணறு கிணறாகப் போய் மாதிரி எடுப்பவர். இவர்களில் யார் வேண்டும் என்று துறையே முடிவு செய்யாமல் விளம்பரம் கொடுத்தால், தேர்வுக்குழு ஆளுக்கொரு ஆளை மனதில் வைத்துக்கொண்டு உட்காரும்.

அடுத்த சிக்கல் பட்டத்தின் பெயர். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை "தொடர்புடைய, ஒட்டிய, பயன்பாட்டுத் துறை" என்று தாராளமாகத்தான் சொல்கிறது. ஆனால் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் விளம்பரத்தில் உள்ள சொல்லையும் சான்றிதழில் உள்ள சொல்லையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார். காலநிலை மாதிரி செய்பவரின் பட்டம் இயற்பியலிலோ கணிதத்திலோ இருக்கும். பனியாறு ஆய்வாளர் ஜியாகிரஃபியில் முனைவராக இருக்கலாம். நல்ல நீரியல் ஆள் சிவில் இன்ஜினியரிங்கிலிருந்து வரலாம். விளம்பரம் சுற்றுச்சூழல் அறிவியலோடு நின்றுவிட்டால் இவர்கள் அத்தனை பேரும் முதல் சல்லடையிலேயே வெளியே போய்விடுவார்கள். அவர்களில் யாரையாவது பிறகு உள்ளே கொண்டுவந்தால், வெளியே நின்றவர் நீதிமன்றம் போவார். ஏற்கத்தக்க பட்டங்களை விளம்பரத்திலேயே வரிசையாக எழுதிவிடுவதுதான் தீர்வு: புவி அமைப்பியல், புவி இயற்பியல், வளிமண்டல அறிவியல், கடலியல், இயற்பியல், கணிதம், புவியியல், சிவில் இன்ஜினியரிங், நீர்வளப் பொறியியல் என்று. தமிழில் விளம்பரம் வருமானால் 'புவியியல்' என்ற சொல்லில் கூடுதல் கவனம் வேண்டும். ஜியாலஜியை நினைத்து அதை எழுதுபவர்களும் உண்டு, படிப்பவரோ ஜியாகிரஃபி என்று எடுத்துக்கொள்வார். அருகிலேயே ஆங்கிலப் பெயரையும் போட்டுவிடுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்கான 200 புள்ளி சுழற்சிப் பட்டியலில் (எந்தப் பணியிடம் எந்தப் பிரிவினருக்கு என்று சொல்லும் வரிசை) இந்தப் பணியிடம் எந்தப் புள்ளியில் விழுகிறது என்பதை விளம்பரத்துக்கு முன்பே சரிபார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். பிறகு திருத்தினால் மொத்த விளம்பரமும் விழும்.

சேலத்துக்குத் துருவ ஆய்வாளர் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை ஓரமாக வைப்பது, நாங்கள் பார்த்ததில் மிகவும் வருத்தம் தரும் தவறு. அண்டார்டிகாவில் துளையிட்டு எடுத்த பனிக்கட்டி உருளையில் பழைய வெப்பநிலையைப் படிப்பவர் பார்ப்பது நீர் மூலக்கூறில் உள்ள ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் வகையின் (ஐசோடோப்பின்) அளவை. ஐரோப்பாவின் எபிக்கா பனித்துளைத் திட்டம் 8 லட்சம் ஆண்டு வெப்பநிலை வரலாற்றைத் தோண்டி எடுத்ததும் நீரில் உள்ள கனமான ஹைட்ரஜனை அளக்கும் இதே வகை அளவீட்டில்தான். அதே அளவீடு சேலத்தில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்: கன்னங்குறிச்சியிலோ அயோத்தியாப்பட்டணத்திலோ உள்ள ஓர் ஆழ்துளைக் கிணற்றின் நீர் மலையில் பெய்த மழையா, சமவெளியில் பெய்த மழையா?

மழைமேகம் உயர ஏற ஏற, கனமான ஆக்சிஜன் முதலில் உதிர்ந்துவிடும். பொதுவாக ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் மழைநீரில் அதன் அளவு ஆயிரத்துக்கு 0.15 முதல் 0.5 வரை குறையும். சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில். இடைவெளி 1,200 மீட்டர். கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு 2 முதல் 6 வரை வித்தியாசம் வர வாய்ப்புண்டு. நல்ல கருவி 0.1 அளவையே பிரித்துக் காட்டும். மலைச்சரிவில் பாக்சைட்டுக்காகவும் ரிசார்ட்டுக்காகவும் நிலத்தைக் கிளறினால் கீழே எந்தக் கிணறு வற்றும் என்று சொல்ல இதைவிட நேரான வழி குறைவு. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையத்திலோ வேறு எங்கோ இந்த வேலையைக் கற்றவர் நம் கிணறுகளைப் பார்க்க வந்தால் வரவேற்க வேண்டும்.

மதிப்பெண் அட்டவணையை அப்படியே நம்புவது

பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம், 10 ஆண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரைகள், முனைவர் பட்ட மாணவரை வெற்றிகரமாக வழிநடத்திய சான்று, மொத்த ஆய்வு மதிப்பெண் 120 என்பது 2018 விதிமுறை. குறைந்தபட்சத் தகுதிக்கு இந்த அட்டவணையைத் தவிர்க்க முடியாது. ஆனால் தகுதி பெற்றவர்களுக்குள் யார் மேல் என்று முடிவு செய்யவும் அதையே பிடித்துக்கொள்வதுதான் பிழை.

இரண்டு பேருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்) மதிப்பெண்ணில் 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) 5-க்கும் 10-க்கும் இடைப்பட்ட இதழ்க் கட்டுரைக்கு 25 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் முதல் ஆசிரியருக்கு 17.5, உடன் எழுதியவருக்கு 7.5. ஆகவே ஒருவர் 7 கட்டுரையில் 120-ஐத் தாண்டுவார், மற்றவருக்கு 16 கட்டுரை வேண்டும். துருவ ஆய்வில் துளையிடுவது ஒரு குழு, குளிர்ப்பெட்டியில் கொண்டுவருவது ஒரு குழு, அளப்பது இன்னொரு குழு. எபிக்காவின் 2004 கட்டுரை தலைப்பின் கீழே தனிப்பெயர் எதுவும் இல்லாமல் குழுவின் பெயரிலேயே வெளிவந்தது. இத்தகைய துறையில் பட்டியலில் பதினான்காவதாக நிற்பவர் ஒன்றும் செய்யாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு முக்கியக் கட்டுரைக்கும் "இதில் உங்கள் பங்கு என்ன" என்று ஐந்து வரி எழுதச் சொல்லி விண்ணப்பத்தோடு வாங்குங்கள். துளையிட்டது யார், கருவியைச் சீர்செய்தது யார், தரவைக் காத்தது யார் என்பது அந்த ஐந்து வரியில் வெளியே வந்துவிடும்.

அரசு விஞ்ஞானிகள் விஷயத்தில் வேறொரு நுணுக்கம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலோ வானிலைத் துறையிலோ பத்தாண்டு வேலை பார்த்தவருக்கு ஆசிரியர் அனுபவம் இருக்காது. விதிமுறையிலேயே இரண்டாவது வழி இருக்கிறது: முனைவர் பட்டமும் 10 ஆண்டு அனுபவமும் ஆவணத்தோடு கூடிய சிறப்பான பங்களிப்பும் உள்ள தொழில்முறை வல்லுநர் பேராசிரியராகலாம். விளம்பரத்தில் முதல் வழியை மட்டும் அச்சிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அதோடு, அரசுக்கு அளித்த கொள்கை ஆவணத்துக்கும் மதிப்பெண் உண்டு: மாநில அளவில் 4, தேசிய அளவில் 7, பன்னாட்டு அளவில் 10. நீர் வாரியக்காரர்கள் இதைக் கோரவே மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டம் கொடுங்கள். முனைவர் பட்ட மாணவருக்கு இணை வழிகாட்டியாக இருந்தவரின் பெயர் பட்டச் சான்றில் பெரும்பாலும் வராது. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்கிவர அவகாசமும் கொடுங்கள்.

தேதி

ஜனவரியில் நேர்காணல் வைத்துவிட்டு, "அண்டார்டிகா ஆள் வரவே இல்லை" என்று கோப்பை மூடுவது நியாயமே இல்லை. அண்டார்டிகாவில் உள்ள இந்திய நிலையங்களான மைத்ரிக்கும் பாரதிக்கும் போகும் கோடைக்காலக் குழுக்கள் நவம்பர் முதல் மார்ச் வரை அங்கேதான். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் உத்தராகண்டின் அவுலியில் பனிப் பயிற்சியும் வேறு. நினைத்தபோது யாரும் நடுவில் திரும்ப முடியாது. ஆர்க்டிக்கில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையத்தில் வேலை செய்யும் பலருக்கு நம் ஜூன், ஜூலை முக்கியக் களப்பருவம். இமயப் பனியாறுகளில் செப்டம்பர், அக்டோபர் அளவீட்டை விட்டால் அந்த ஆண்டுக் கணக்கே போச்சு. நம்மூர் நீரியல் ஆளுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. எல்லோருக்கும் ஒத்துவரும் மாதம் கிடையாது. அதனால் நேர்காணல் வாரத்தை விளம்பரத்திலேயே அறிவியுங்கள். காணொளி வழி நேர்காணலுக்கு இடமுண்டு என்றால் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் தீர்மானத்தோடு முன்பே உறுதிசெய்து அதையும் அச்சிடுங்கள்.

யார் கேள்வி கேட்கிறார்கள்

தேர்வுக்குழுவில் வெளியிலிருந்து மூன்று பாட வல்லுநர்கள் வேண்டும். குறைந்தது நான்கு பேர், அவர்களில் இரண்டு பேர் வெளி வல்லுநர்கள் என்றால்தான் கூட்டம் செல்லும். அங்கீகரித்த வல்லுநர் பட்டியல் பழையதாக இருந்தால் அதில் எல்லோரும் மாசுக் கட்டுப்பாட்டு ஆட்களாகவே இருப்பார்கள். பனியாறு பற்றியோ கடும்பாறை நீர்ப்பிடிப்பு பற்றியோ கேட்க ஆளிருக்காது. பட்டியலை விளம்பரத்துக்கு முன் புதுப்பித்து ஒப்புதல் வாங்குங்கள். இந்தியாவில் துருவ ஆய்வு சின்ன வட்டம். வல்லுநரும் விண்ணப்பதாரரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இருக்கவே செய்யும். கடந்த ஐந்தாண்டில் இணைந்து எழுதியிருந்தால் எழுத்தில் அறிவிக்கச் சொல்லி, அவருக்குப் பதில் மாற்று வல்லுநரை வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் அன்றே எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

பொதுவாகக் கேட்கப்படும் "காலநிலை மாற்றத்தைப் பற்றி உங்கள் கருத்து" என்ற கேள்வி நேரத்தை வீணாக்கும். மாறாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: திருமணிமுத்தாற்றில் மூன்று இடத்தில் மட்டும் மாதிரி எடுக்கலாம் என்றால் எங்கே, எப்போது, எதை அளப்பீர்கள்? வேலை தெரிந்தவர் முதலில் மஞ்சவாடி மேட்டுப் பக்கம் ஓர் இடத்தைச் சுத்தமான ஒப்பீட்டுக்கு வைப்பார். நகரத்தைத் தாண்டி ஓர் இடம். மூன்றாவதை முடிவு செய்யுமுன் நம்மையே கேட்பார், சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவும் சாயக் கழிவும் எங்கே கலக்கின்றன என்று. கோடையில் ஓடுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர் என்பதைச் சொல்லி, முதல் மழை அடித்துவரும் நீரைத் தனியாக எடுக்க வேண்டும் என்பார். உலோகத்துக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பி.ஹெச். 2-க்குக் கீழே கொண்டுவருவேன், ஐசோடோப்புக்கான புட்டியில் அமிலம் விடாமல் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்புவேன் என்று சொல்பவர் ஆற்றில் இறங்கியவர். ஐந்து நிமிடத்தில் ஆள் தெரிந்துவிடும்.

"வந்த பிறகு பார்த்துக்கலாம்"

இந்த வார்த்தையை நம்பி வந்த மூத்த ஆய்வாளர் இரண்டே ஆண்டில் திரும்பிப் போய்விடுவார். பனிக்கட்டி மாதிரிக்கு மைனஸ் 20 டிகிரி குளிரறை வேண்டும். சேலத்தில் மே மாதம் வெளியே 40 டிகிரி. ஓர் இரவு கம்ப்ரசர் நின்றால், யாரோ உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த மாதிரி காலையில் வெறும் தண்ணீர். தானாக இயங்கும் ஜெனரேட்டர், வெப்பம் ஏறினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் எச்சரிக்கைக் கருவி, இரண்டாவது குளிர்பெட்டி: இந்த மூன்றும் இல்லாமல் பனி மாதிரியை வாங்கவே கூடாது. கருவிக்கான தொகை, அறையின் பரப்பு, எந்த மாதத்துக்குள் கிடைக்கும் என்பதைப் பணி ஆணையின் இணைப்பில் எழுதுங்கள். ஒப்பந்தப்புள்ளி நடைமுறைக்கும் இறக்குமதிக்கும் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் ஆள் சேருமுன்பே கோப்பை நகர்த்தத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர் தடையின்மைச் சான்று வாங்கித்தான் வரவேண்டும். பழைய இடத்துக்குத் திரும்பும் உரிமை (லியன்) எத்தனை ஆண்டு, ஊதியப் பாதுகாப்பு உண்டா, ஓய்வூதியக் கணக்கு எப்படி மாறும் என்பதைத் தேர்வான அன்றே கேட்பார். பதிவாளர் அலுவலகம் இதற்கு எழுத்தில் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். பேராசிரியர்களுக்கு வாரம் 14 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது விதி. களப்பருவம் வரும் செமஸ்டரில் வகுப்பைக் குறைத்து, அடுத்த செமஸ்டரில் ஈடுகட்டும் கால அட்டவணையைத் துறைக்குழு ஒப்புக்கொண்டு எழுதி வைத்தால் சக ஆசிரியர்களுக்கும் மனக்குறை வராது.

சேரும் தேதியையும் யோசித்துக் கொடுங்கள். செப்டம்பருக்குள் வந்துவிட்டால் ஏற்காட்டிலும் கீழே நகரத்திலும் மழைநீர்ச் சேகரிப்பானை நட்டு, ஆவியாகாமல் இருக்க உள்ளே அரை சென்டிமீட்டர் பாரஃபின் எண்ணெய் விட்டு, வடகிழக்குப் பருவமழையின் முதல் துளியிலிருந்தே பிடிக்கலாம். டிசம்பரில் சேர்ந்தால் அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவ மழையில் பெரும்பகுதி அவர் கைக்கு வராமலே ஓடிப்போயிருக்கும்.