பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8: வாங்குமுன் நாடி பிடித்துப் பார்ப்பது எப்படி

ஓடியது 80,000 கி.மீ., பெயின்ட் பளபளப்பு, சீட்டில் கிழிசல் இல்லை, விலையோ நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஆர்எக்ஸ்-8 விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வேறு ஜப்பான் கார் என்றால் இதை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம். இந்தக் காரில் வர முடியாது. இதன் ரோட்டரி இன்ஜினுக்குள், அழுத்தம் கசியாமல் அடைக்க 2 மி.மீ. தடிமனில் ஆறு சீல்கள் இருக்கின்றன. அவை நன்றாக இருந்தால் அது கார், இல்லையென்றால் கராஜை அடைத்து நிற்கும் அழகான தகரம்.

இந்தியாவில் மஸ்டா இந்தக் காரை விற்றதில்லை. இலங்கை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, வளைகுடா என்று இருப்பவர்கள்தான் இதைத் தேடிப் போவார்கள். ஊர் எதுவானாலும் சோதனை ஒன்றுதான்.

முதலில் இந்த இன்ஜினின் ஜாதகம்

மஸ்டா 1920-ல் ஹிரோஷிமாவில் தக்கை செய்யும் கம்பெனியாகப் பிறந்தது. 1931-ல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி, 1960-ல்தான் முதல் பயணிகள் கார். ஜப்பானிய அரசு கார் கம்பெனிகளைச் சில பெரிய குழுக்களாகச் சேர்க்க நினைத்த காலம் அது. சின்னக் கம்பெனி தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று கையில் வேண்டும். 1961-ல் ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியிடம் வாங்கிய ரோட்டரி இன்ஜின் உரிமைதான் அந்த ஒன்று.

பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவ அறைக்குள் முக்கோண ரோட்டர் ஒன்று சுற்றும். அதன் மூன்று முனையிலும் ஒவ்வொரு சீல், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். மூன்று பக்கமும் மூன்று தனி அறைகளாக வேலை செய்யும். ஆர்எக்ஸ்-8-ல் இப்படி இரண்டு ரோட்டர்கள். ஒரு சீல் கசிந்தால் அதன் இரு பக்கத்து அறைகளும் கெடும். கம்ப்ரஷன் அளவை, அதாவது அறைக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்பதை, படிக்கும்போது இந்தக் கணக்கு உதவும்.

ஆரம்பத்தில் ஹிரோஷிமாவில் ஓட்டிப் பார்த்த இன்ஜின்களின் குரோம் பூசிய உட்சுவரில் வரிவரியாக அலைக்கோடுகள் விழுந்தன. மண் சாலையில் லாரி ஓடி ஓடி அலைமேடு விழுமே, அதே கதை: சீல் சுவரில் வழுக்காமல் தன் அதிர்வெண்ணில் துள்ளியது. அங்கிருந்தவர்கள் இதைப் ‘பேயின் நகக்கீறல்’ என்றார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் இதற்காகவே உட்கார்ந்தார்கள். கார்பனில் அலுமினியம் ஏற்றிய சீல் செய்து, 1967 மே மாதம் மஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ரோட்டரி காரை இறக்கிய என்எஸ்யூவோ வாரன்டியில் இன்ஜின் மாற்றியே நொடிந்து, 1969-ல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது.

பிறகு 1973 எண்ணெய் நெருக்கடி, ‘பெட்ரோல் குடிக்கும் கார்’ என்ற கெட்ட பெயர், 1978-ல் ஆர்எக்ஸ்-7 என்ற ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார் வந்து அந்தப் பெயரைக் கொஞ்சம் கழுவியது. 1991-ல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை மஸ்டாவின் நான்கு ரோட்டர் பந்தயக் கார் 787பி வென்றது. ஒரு ஜப்பானியக் கம்பெனி அங்கே வென்றது அதுவே முதல் முறை. ஒரு நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடிய இன்ஜின் குடும்பம், கடைக்குப் போய்வரும் காரில் ஏன் சாகிறது? விடை எளிது: இந்த இன்ஜின் சூடாகவும் வேகமாகவும் ஓடினால் வாழும். குளிரில் இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்தால் நோய்ப்படும். முந்தைய சொந்தக்காரர் எப்படி ஓட்டினார் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எத்தனை கி.மீ. என்பது அடுத்ததுதான்.

போகும் முன்

விற்பவரிடம் ‘வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். பதில் வழவழ என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். இந்த இன்ஜின் ஆயிலைக் குடிப்பது நோயல்ல, அமைப்பே அப்படி. சீலுக்கு வழுக்கல் தர ஒரு சின்னப் பம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை அறைக்குள் விடும். அது பெட்ரோலோடு எரிந்து போகும். ஆகவே ‘இந்த வண்டி ஆயிலே குடிக்காது சார்’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் பயப்படுங்கள்: அந்தப் பம்பு வேலை செய்யாமல் இருக்கலாம். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் சொந்தக்காரருக்கு இந்த விஷயமே தெரியாது என்று பொருள்.

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி நுரை தெரிந்தால் பதற வேண்டாம். அந்தக் குழாய் நீளமானது, குளிர்ந்தே இருக்கும், ஈரம் அங்கே படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நுரை இருந்தால்தான் கவலை. கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா, இன்ஜின் ஓடும்போது அதில் விடாமல் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். குமிழி என்றால் உள்ளே கூலன்ட் சீல் போய்விட்டது. அதற்கு மருந்து முழு ஓவர்ஹால் மட்டுமே.

குளிர் ஸ்டார்ட், சூட்டு ஸ்டார்ட்

குளிர்ந்த இன்ஜின் எளிதாகப் பிடிக்கும். வேக்குவம் கிளீனர் போட்டது போல ஒரு சத்தம் கொஞ்ச நேரம் வரும். அது புகையைச் சுத்தப்படுத்தக் காற்று தள்ளும் பம்பு, தவறு ஒன்றும் இல்லை. குளிர் ஸ்டார்ட்டை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

உண்மையைச் சொல்வது சூட்டு ஸ்டார்ட். குறைந்தது 20 நிமிடம் ஓட்டுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பின் ஒருமுறையாவது சிவப்புக் கோட்டருகே வரை முடுக்குங்கள். இந்தக் காரில் அது குற்றமல்ல, ஆரோக்கியமே. நிறுத்தி அணைத்து 10 நிமிடம் காத்திருங்கள். பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் பிடித்தால் நல்லது. ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பிடித்தால் கம்ப்ரஷன் போய்க்கொண்டிருக்கிறது. சூட்டில் ஆயில் நீர்த்து, சீல் ஓரத்துக் கசிவு பெரிதாவதால்தான் இது சூட்டில் மட்டும் தெரிகிறது.

இதிலும் ஒரு சூது உண்டு. மஸ்டா பின்னாளில் வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டுவந்தது. அதைப் பழைய காரில் மாட்டினால் தளர்ந்த இன்ஜினும் கொஞ்ச நாள் டக்கென்று பிடிக்கும். ஆகவே சூட்டு ஸ்டார்ட்டில் தேறினாலும் கம்ப்ரஷன் சோதனையை விடக்கூடாது.

கம்ப்ரஷன் சோதனை

சாதாரண பிஸ்டன் கேஜ் இங்கே பொய் சொல்லும். அதிலிருக்கும் ஒருவழி வால்வு மூன்று அறைகளில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து நிறுத்திக் காட்டும். இரண்டு அறை செத்திருந்தாலும் முள் கம்பீரமாக நிற்கும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று எண்களையும், சுற்றிய வேகத்தையும் தரும். அந்தத் தாள் இல்லாமல் பேரம் பேசாதீர்கள். காசு கொடுத்தாவது செய்யுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்ஜின் சூடாக, பேட்டரி முழுச் சார்ஜில், பெட்ரோல் வரத்தை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். கணக்கு நிமிடத்துக்கு 250 சுற்றுக்கானது. புது இன்ஜினுக்கு 830 கிலோபாஸ்கல் அளவு, கழித்துக்கட்டும் எல்லை 680. ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் வித்தியாசம் 150-ஐத் தாண்டக்கூடாது, ரோட்டருக்கு ரோட்டர் 100-ஐத் தாண்டக்கூடாது. வேகம் 250-க்கு மேலே இருந்தால் எண்ணும் கூடித் தெரியும். ஆகவே வேகத்துக்கேற்பத் திருத்திய எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு ரோட்டரில் 780, 620, 610 என்று வந்தால்? இரண்டு பலவீன அறைகளுக்கும் பொதுவான முனை சீல்தான் சந்தேகத்துக்குரியது. மூன்றுமே ஒரேபோல 690, 695, 700 என்று வந்தால் இயல்பான தேய்மானம். ஓடும், ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது, விலையில் அது தெரிய வேண்டும்.

கருவி கிடைக்காத ஊரில் ஒரு தோராயம்: சாதாரண கேஜின் ஒருவழி வால்வைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். முள் ஒரே உயரத்துக்கு டப், டப், டப் என்று துள்ள வேண்டும். டப், டப், வெற்று என்று கேட்டால் விலகிவிடுங்கள்.

காயில், பிளக், கன்வர்ட்டர்

நல்ல இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் இக்னிஷன் காயில்தான். நான்கு இருக்கும், 50,000 கி.மீ. வாக்கில் தளரத் தொடங்கும். காயில் தளர்ந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகும். அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதன் தேன்கூட்டை உருக்கும். அடைபட்ட கன்வர்ட்டர் சூட்டையும் அழுத்தத்தையும் இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும், சீலின் ஸ்பிரிங் விறைப்பு இழக்கும். மேல் சுற்றில் இழுவை இல்லை, அழுகிய முட்டை வாடை, காரின் அடியில் அனல் என்றால் இந்தத் தொடர் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. காயில் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பில் இருந்தால் அது சர்வீஸ் புத்தகத்தைவிட நல்ல சான்று.

பிளக்கும் நான்கு, ஆனால் ஒன்றல்ல. ஒவ்வொரு ரோட்டருக்கும் கீழே லீடிங், மேலே டிரெய்லிங். இரண்டும் வேறு வேறு பாகம், மாற்றிப் போடக்கூடாது. காருக்கு அடியிலிருந்தோ இடது முன் சக்கரத்தைக் கழற்றியோ கை நுழையும். இன்ஜின் ஆறிய பின், கையாலேயே பல சுற்று ஏற்றிவிட்டு, 13 முதல் 18 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.

வாங்கிய பிறகு

கேட்டிலிருந்து நிழலுக்கு நகர்த்தி உடனே அணைக்காதீர்கள். குளிர் இன்ஜின் அதிக பெட்ரோல் குடித்திருக்கும், அணைத்ததும் அது பிளக்கை நனைத்துவிடும். நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் முள் நகரும் வரை ஓடவிடுங்கள். அப்படியும் பிளக் பெட்ரோலில் மூழ்கிவிட்டால், ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்தபடி 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். முழு மிதியில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், உள்ளே இருப்பது வெளியேறும். காலை எடுத்து ஒரு நிமிடம் விட்டு சாதாரணமாக முயலுங்கள். மூன்று முறையில் பிடிக்காவிட்டால் கீழ்ப் பிளக்குகளைக் கழற்றி உலர்த்துங்கள், பேட்டரியைச் சாகடிக்க வேண்டாம்.

ஆயிலை இரண்டு தடவை பெட்ரோல் போடும்போது ஒருமுறை பாருங்கள். பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பதா என்று ரோட்டரிக்காரர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். மஸ்டா கையேடு கேட்கவில்லை. ஆனால் 2009-க்கு முந்தைய இன்ஜினில் ரோட்டருக்கு இரண்டே ஆயில் முனைகள், சீலின் நடுப்பகுதிக்கு வழுக்கல் குறைவு. பிந்தையதில் மஸ்டாவே மூன்றாவதை நடுவில் சேர்த்தது. அதனால் பழையதற்கு லிட்டருக்கு 4 மி.லி. கலப்பதை நாங்கள் ஆதரிக்கிறோம், புதியதற்குக் கட்டாயமில்லை. சாம்பல் குறைந்த ஆயிலாகப் பாருங்கள். வாரம் ஒருமுறையாவது சூடான இன்ஜினைச் சிவப்புக் கோடு வரை விரட்டுங்கள், கரி படியாது.

அமெரிக்காவில் மஸ்டா 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8 இன்ஜின்களுக்கு வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டியது. ஆகவே அங்கிருந்து வந்த காரில் இன்ஜின் மாற்றிய பில் இருந்தால் அது குறையாகாது, பல நேரம் நல்ல செய்தி.

செத்த இன்ஜினோடு பாடி விலைக்கே கார் கிடைத்து, ஓவர்ஹால் செய்யத் துணிகிறீர்களா? சீல், ஸ்பிரிங், ரப்பர் எல்லாம் கிட்டாக வாங்கலாம். செலவைத் தீர்மானிப்பது ஹவுசிங், அதாவது ரோட்டர் சுற்றும் அறையின் கூடு. இன்ஜினைப் பிரித்ததும் மெக்கானிக் துடைத்து முடிக்கும் வரை நில்லுங்கள். பிளக் ஓட்டைகளைச் சுற்றியும் ஓரங்களிலும் குரோம் உரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிறகு விரல் நகத்தை உட்சுவரில் சீல் ஓடும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். கண்ணுக்கு வரி தெரிந்தாலும் நகம் வழுக்கிக்கொண்டு போனால் திரும்பப் போடலாம். நகம் டக் டக்கென்று தட்டினால் அந்த ஹவுசிங் வேண்டாம்.