ஏழூர் நடக்க ஒரு தலப் புத்தகம்

தஞ்சாவூரில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அன்றைக்கு நடக்கக் கிளம்பிவிடுவேன். "மலை இல்ல, காடு இல்ல, இந்த வயக்காட்டுல எங்கய்யா போய் நடக்குறது?" என்று கேட்பவர்களிடம் நான் எடுத்து நீட்டுவது பாடல் பெற்ற தலங்களின், அதாவது தேவாரத்தில் பாடப்பட்ட சிவன் கோயில்களின், வழிகாட்டிப் புத்தகம். கோயில் வாசல் கடைகளில் கிடைக்குமே, அதுதான். இறைவன் பெயர், இறைவி பெயர், தலமரம், தீர்த்தம், தலவரலாறு, போகும் வழி என்று ஊருக்கு ஒன்றரைப் பக்கம் இருக்கும். பஸ்ஸிலும் வேனிலும் போகிறவர்களை நினைத்து அச்சடித்தது. ஆனாலும் டெல்டாவில் நடக்கிறவனுக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடையாது என்பேன். என்ன, கொஞ்சம் வேறு மாதிரி படிக்க வேண்டும்.

முதலில் தலத்தின் எண்ணைப் பாருங்கள். சோழநாட்டுத் தலங்களைக் காவிரி வடகரை 63, தென்கரை 127 என்று பிரித்திருப்பார்கள். வடகரைக் கணக்கு சிதம்பரத்தில் ஆரம்பித்து மேற்கே ஏறிப்போய் ஈங்கோய்மலையில் முடியும். தென்கரைக் கணக்கு நேர் எதிர். குளித்தலைப் பக்கத்து ஐயர்மலையில் தொடங்கி, ஆற்றோடு கிழக்கே இறங்கி வரும். பக்திக்காரர்கள் இந்த எண்ணைக் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் வரைபடம். அடுத்தடுத்த எண் இருந்தால் பெரும்பாலும் அடுத்தடுத்த ஊர், பல இடங்களில் நடந்து போகிற தூரம்.

தென்கரையில் 11 பூந்துருத்தி, 12 கண்டியூர், 13 சோற்றுத்துறை, 14 வேதிகுடி. வடகரையில் 50 பழனம், 51 ஐயாறு, 52 நெய்த்தானம். நெய்த்தானத்தைத் தில்லைஸ்தானம் என்று சொன்னால்தான் பஸ் கண்டக்டருக்குத் தெரியும். இந்த ஏழும் சேர்ந்ததுதான் திருவையாற்றுச் சப்தஸ்தானம், நம் ஜனங்கள் வாயில் ஏழூர். புத்தகத்தில் மூன்று ஊர் ஒரு பகுதியிலும் நாலு ஊர் வேறொரு பகுதியிலும் கிடக்கும். தரையில் பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையும் இக்கரையும். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு இந்த ஊர்களைச் சுற்றிவரும் வரிசைதான் உங்கள் நடையின் வரிசையும்: ஐயாறு, பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம், மறுபடி ஐயாறு.

இங்கே என் தொழில் புத்தியைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைப் பிய்க்காதீர்கள். இந்த ஏழு தலத்தின் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, பல்லக்கு வரிசையில் அடுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால்தான் மதகு, டீக்கடை, அரசமரம் என்று வழியில் குறித்துக்கொள்ள முடியும். ஸ்பைரல் போடச் சொல்லாதீர்கள், அது பையில் எல்லாவற்றிலும் மாட்டும். ஓரத்தில் இரண்டு பின் அடித்து மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும். வீட்டு இங்க்ஜெட்டில் பிரிண்ட் எடுத்தீர்களானால் ஒரு மணி நேரத்து வியர்வையில் எழுத்து கரைந்துவிடக்கூடும். ஜெராக்ஸ் மை சூட்டில் உருகிக் காகிதத்தோடு ஒட்டுவது, நனைந்தாலும் போகாது. வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, எந்தக் கடையில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிப்பு எங்காவது கண்ணில் பட்டால் விலை பேசாமல் வாங்கிவிடுங்கள். புதுப் பதிப்புகளில் "கோயில் வாசல் வரை கார் செல்லும்" என்பதோடு வழி முடிந்துவிடும். மைல் கணக்கு போட்டிருக்கிற புத்தகங்களில் "இறங்கி ஒன்றரை மைல் வாய்க்கால் கரையோடு நடக்கவேண்டும்" என்கிற மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது அந்த வரிதான். மைலை ஒன்றரையால் பெருக்கிக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் கிலோமீட்டர். அதில் உள்ள ரைஸ்மில்லும் சினிமாக் கொட்டகையும் இன்றைக்கு இருக்காது. ஆறும் வாய்க்காலும் குளமும் அங்கேயேதான் இருக்கும், அடையாளத்துக்கு அவற்றை மட்டும் நம்புங்கள்.

ஒரு தலத்தைப் படிக்கும்போது கடைசிப் பத்தியில் இருக்கிற அமைவிடத்தை முதலில் படியுங்கள், அடுத்தது தீர்த்தம். காவிரி, குடமுருட்டி என்று போட்டிருந்தால் ஆற்றங்கரை பக்கத்தில் இருக்கிறது, கரையோடு வரலாம். தலவரலாற்றைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படிக்கலாம், அதுவும் வழி சொல்லும். பழனத்துப் பக்கங்களில் பக்கத்து ஊரான திங்களூர் அப்பூதி அடிகள் வருவார். திருநாவுக்கரசர் என்கிற அப்பரை நேரில் பார்க்காமலே தன் பிள்ளைகளுக்கெல்லாம் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தவர். அவர் அந்தப் பெயரிலேயே தண்ணீர்ப் பந்தலும் வைத்திருந்தார் என்கிறது பெரியபுராணம். தண்ணீர்ப் பந்தல் வைக்கிற அளவுக்கு அந்த வழியில் ஜனங்கள் நடந்திருக்கிறார்கள். இன்றைக்கு அதே ஊருக்குச் சந்திரன் பரிகாரத்துக்கு வேன் வேனாக வருகிறார்கள். நடந்து வருகிற ஆளைத்தான் காணோம்.

எப்போது போவது என்பதைப் புத்தகம் சொல்லாது, மேட்டூர் அணைதான் சொல்லும். வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். தண்ணீர் நிலவரத்தைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். பல்லக்கு சித்திரையில் கிளம்புவதால்தான் ஆற்று மணலில் இறங்கி ஏற முடிகிறது. பழனத்துக்கும் சோற்றுத்துறைக்கும் நடுவே காவிரி, குடமுருட்டி இரண்டும் ஓடுகின்றன. ஆற்றில் தண்ணீர் இருந்தால் திருவையாற்றுப் பாலத்துக்கு வந்து சுற்றிப் போங்கள். முழங்கால் அளவுதானே என்று இறங்கவே கூடாது. மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. வருடா வருடம் உயிர் போகிறது.

எனக்குப் பிடித்தது தை கடைசியிலிருந்து பங்குனி பாதி வரை. சம்பா அறுத்து முடிந்து, வரப்பு காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும், காலை வெயிலும் உறைக்காது. அறுத்த வயல் சும்மாதானே கிடக்கிறது என்று குறுக்கே மட்டும் இறங்காதீர்கள். குனிந்து பார்த்தால் தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்ட உளுந்தோ பயறோ நிற்கும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே நெல்லுக்குள் விதைத்துவிடுவார்கள், மண்ணில் இருக்கிற ஈரத்திலேயே அது வளர வேண்டும். உங்கள் செருப்பு அதை நசுக்கினால் யாராவது திட்டுவார்கள், திட்டுவது நியாயம். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் கரை களியாகிவிடும். அடி வைத்தால் செருப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் வரும். அந்த இரண்டு மாதமும் தார் ரோடோடு சரி.

ஏழையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். பல்லக்குத் தூக்கும் சீர்பாதக்காரர்களே ராத்திரி பகலாகத்தான் முடிக்கிறார்கள். முதல் தடவை தென்கரையில் மூன்று ஊர் போதும், பல்லக்கு வரிசைக்குத் தலைகீழாக. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் விடிகாலை திருவையாறு டவுன் பஸ் ஏறுங்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று வரிசையாகத் தாண்டுவதை எண்ணிக்கொண்டே வரலாம். கண்டியூரில் இறங்கிவிட வேண்டும். சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்டவீரட்டத்தில் ஒன்று இந்தக் கோயில். பக்கத்திலேயே அரசாப விமோசனப் பெருமாள், அது திவ்ய தேசம், ஆழ்வார்கள் பாடிய பெருமாள் கோயில், தலப் புத்தகத்தில் இருக்காது. இரண்டையும் பார்த்துவிட்டு, டீ குடித்து, வீரசிங்கம்பேட்டை பக்கமாகக் கிழக்கே நடங்கள். வேதிகுடி, அப்புறம் குடமுருட்டிக் கரையில் சோற்றுத்துறை. மதியத்துக்குள் முடியும்.

வழி கேட்பதில்தான் விஷயமே இருக்கிறது. "வேதிகுடிக்கு எப்படிப் போறது?" என்று கேட்டால் பஸ் வழிதான் சொல்வார்கள். "எவ்வளவு தூரம்?" என்றால் "தோ, கிட்டக்கதான்." அது ஒன்றாகவும் இருக்கும், நாலாகவும் இருக்கும். அதற்கு முன் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது, "ஏன் தம்பி, வண்டி பஞ்சரா?" நடப்பதற்காகவே நடக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள், கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிடுங்கள். ஒரு தடவை வேதிகுடிக்கு முன்னால் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, பல்லக்கு எந்த வழியா போகும்?" என்று கேட்டேன். எழுந்தே விட்டார். "அப்படிக் கேளுங்க. ரோட்டுல ஏன் வேகுறீங்க? இந்தக் கரையப் புடிச்சுப் போங்க, மூங்கிக் கொத்து வரும், அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க." அன்றிலிருந்து ஏழூரில் எங்கே போனாலும் இந்தக் கேள்விதான். வயசானவர்களிடம் கேளுங்கள். சின்னப் பசங்க போனை எடுத்து மேப் காட்டுவார்கள், அது உங்களிடமும் இருக்கிறது.

போன் மேப் வேண்டாம் என்று சொல்லவில்லை. வழி கேட்கும்போது அது தார் ரோட்டுக்கே இழுக்கும். சேட்டிலைட் படத்துக்கு மாற்றிப் பார்த்தால் வாய்க்கால் ஓரம் மரவரிசையும் வண்டித்தடமும் தெரியும். முதல் நாள் ராத்திரியே பார்த்து ஜெராக்ஸின் வெள்ளைப் பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

கிராமத்துக் கோயில் பன்னிரண்டுக்கு முன்பே சாத்திவிடும், திறக்க நாலு, நாலரை ஆகும். குருக்கள் ஒருவரே இரண்டு மூன்று கோயில் பார்க்கிறவராக இருப்பார். புத்தகத்தில் நம்பர் இருந்தால் முந்தின நாள் கூப்பிட்டு, "மாமா, நாளைக்குப் பத்து மணிக்கு இருப்பேளா?" என்று கேட்டுவிடுங்கள், வீட்டிலிருந்து சாவியோடு வந்துவிடுவார். தட்டில் போடப் பத்து, இருபது ரூபாய் நோட்டாக எடுத்துப் போங்கள், அங்கே சில்லறை கிடைக்காது. என் வீட்டம்மா கூட வந்தால் நான் கழிப்பறை இருக்கிற இடத்தை வைத்துத்தான் வழியையே போடுவேன். ஏழூரில் கண்டியூரும் திருவையாறும் தவிர மற்ற இடங்களில் அதை நம்பி இருக்க முடியாது. தண்ணீர் இரண்டு லிட்டர், துண்டு, வாழை இலையில் கட்டிய புளியஞ்சாதம். கரையில் புல் உயரமாக இருந்தால் கையில் ஒரு கம்பு, தரையில் தட்டிக்கொண்டே போனால் பாம்பு விலகிவிடும்.

அடுத்த ஞாயிறு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். பழனம், திருவையாறு, தில்லைஸ்தானம், ஆறு காய்ந்திருந்தால் மணலைத் தாண்டிப் பூந்துருத்தி. பூந்துருத்திக்குப் போனால் நந்தியைப் பாருங்கள், சற்று விலகி இருக்கும். அப்பர் உழவாரம் செய்த மண்ணைக் காலால் மிதிக்க மாட்டேன் என்று சம்பந்தர் வெளியிலேயே நின்றாராம், அவருக்காக விலகியது என்பது தலக்கதை. சம்பந்தர் வந்த பல்லக்கைத் தூக்கியவர்களோடு அப்பர் யாருக்கும் தெரியாமல் தோள் கொடுத்ததும் இந்தப் பக்கத்தில்தான். கிளம்பும் முன் திருவையாற்றில் பாசிப்பருப்பு அசோகா ஐம்பது கிராம். நூறு வாங்கினால் நடக்க முடியாது.

ஏழூர் முடித்தவர்கள் அய்யம்பேட்டைப் பக்கம் போகலாம். தென்கரையில் 16 புள்ளமங்கை, 17 சக்கரப்பள்ளி. புத்தகம் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் அங்கேயும் ஒரு சப்தஸ்தானம் உண்டு. அரியமங்கை, சூலமங்கலம், நந்திமங்கை, பசுபதிமங்கை, தாழமங்கை என்று பாக்கி ஐந்தையும் நீங்கள்தான் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டு இல்லாததால் புத்தகத்தில் இடம் இல்லை. கோயில்கள் ஒன்றுக்கொன்று ரொம்பப் பக்கம். புள்ளமங்கையைக் கடைசிக்கு வைக்காதீர்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில், அடித்தளத்தில் உள்ளங்கை அளவுக் கல்லில் ராமாயணம் செதுக்கியிருக்கிறார்கள், காலைச் சாய்வு வெயிலில்தான் அது கண்ணுக்குப் பிடிபடும். குந்திக்கொண்டு பார்க்க வேண்டும், முட்டி வலிக்கும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் பாசஞ்சரில் பசுபதிகோயிலில் இறங்கினால் நடையை அங்கிருந்தே தொடங்கலாம். அய்யம்பேட்டையில் முடித்தால் ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ரயில் நேரத்தைப் புத்தகத்தில் பார்க்காதீர்கள், ஸ்டேஷனில் கேளுங்கள்.