சிக் வெப்பின் ஆரம்பகாலப் பதிவுகள்: வாங்கும்போதும் கேட்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூவில் இருந்த சவாய் நடன அரங்குக்கு 1930களில் ராஜா யார் என்று கேட்டால் வரும் பெயர் ஜாஸ் டிரம்மர் சிக் வெப். பால்டிமோரில் பிறந்தவர். சிறுவயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கூன் விழுந்து, வளர்ச்சி நின்றுபோன உடம்பு. அந்த உடம்போடு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பெரிய பேண்டையே நடத்திச் சென்றவர். 1937 மே 11 அன்று சவாயில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் குழுவோடு அவருக்குப் போட்டி நடந்தது. குட்மன் பக்கம் டிரம்ஸ் வாசித்தவர் ஜீன் க்ரூபா, அன்றைக்கு அமெரிக்காவின் பெரிய நட்சத்திரம். கூட்டம் வெற்றியை வெப்புக்கே கொடுத்தது. இரண்டே ஆண்டில், 1939 ஜூன் 16 அன்று, முப்பதுகளிலேயே வெப் இறந்துபோனார்.

இப்படிப்பட்டவரின் ஆரம்பகாலப் பதிவுகள் எல்.பி.யாக, சிடியாக, இப்போது ஸ்ட்ரீமிங்கில் என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. ஆசையோடு போட்டுக் கேட்கிற பலர் பத்து நிமிடத்தில் ஏமாந்துபோகிறார்கள். "டிரம்ஸே கேட்கவில்லையே" என்பதுதான் முதல் புகார். டிரம்பெட் எப்படியும் கேட்கும், பாட்டு எப்படியும் கேட்கும். பதிவைத் தேர்ந்தெடுப்பதிலும் கேட்பதிலும் நாம் செய்கிற ஒவ்வொரு தவறும் முதலில் மறைப்பது டிரம்ஸைத்தான், அதாவது யாருக்காக அந்தத் தட்டை எடுத்தோமோ அவரை.

சத்தத்தை வைத்து டிரம்மரை எடைபோடுவது

இதுதான் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1920களின் கடைசியில் ஸ்டூடியோவில் மொத்தக் குழுவும் ஒன்றாக வாசிக்க, ஒன்றோ இரண்டோ மைக் அதை வாங்க, ஊசி நேரடியாக மெழுகுத் தட்டில் வெட்டிக்கொண்டே போகும். பின்னால் உட்கார்ந்து டிரம்ஸை மட்டும் ஏற்றிக்கொள்ள வழியே கிடையாது. பாஸ் டிரம்மை ஓங்கி மிதித்தால் வெட்டும் ஊசி பக்கவாட்டில் துள்ளி, பக்கத்துப் பள்ளத்தையே கெடுத்துவிடும். அதனால் டிரம்மரைச் சுவரோரமாகத் தள்ளி உட்காரவைப்பார்கள், அடக்கி வாசிக்கச் சொல்வார்கள். வெப்பின் பாஸ் டிரம் 28 அங்குலம். சவாய் அரங்கில் ஆடியவர்களின் கால்களுக்குக் கீழே தரை அதிர்ந்தது அதனால்தான். அந்த அதிர்வில் ஒரு துளிதான் மூன்று நிமிடத் தட்டுக்குள் வந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் ஆம்பிளிஃபயரில் பாஸை ஏற்றுகிறார்கள். பள்ளத்தில் பதியாத ஒலியை எந்தக் குமிழைத் திருப்பினாலும் எடுக்க முடியாது. தட்டின் உறுமல்தான் கூடும்.

வெப்பை வேறு இடத்தில் தேட வேண்டும். பித்தளை வாத்தியங்கள் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் ஸ்னேர் என்ற சிறு டிரம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஒரு சோலோ முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிம்பல் எப்படிக் கதவைத் திறந்துவிடுகிறது என்று கேளுங்கள். குழு முழுவதும் ஒரே நொடியில் அழுத்தம் கொடுக்கும்போது அந்த அழுத்தத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் ஏதோ ஒன்று அவர்களைத் தூக்கிவிடுவது தெரியும். அதுதான் வெப். பதிவில் அவர் பெரும்பாலும் தனி வாசிப்பதில்லை, பக்கவாத்தியமாக இருந்துகொண்டே எல்லோரையும் நடத்துகிறார். வெளிப்படையான டிரம் சோலோதான் வேண்டும் என்றால் 1937-இன் 'ஹார்லெம் காங்கோ', 1938-இன் 'லைசா' இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றைக் கேட்டு அந்த ஸ்னேரின் குரலைக் காதில் ஏற்றிக்கொண்டு பின்னோக்கிப் போனால், 1934 பதிவுகளிலும் அவர் எங்கே இருக்கிறார் என்பது சட்டென்று பிடிபடும். இரண்டு சோலோக்களோடு நிறுத்திக்கொள்பவர்கள் பாதி வெப்பைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

1929-ஐ 1937-இன் காதால் கேட்பது

வெப்பின் முதல் பதிவுகள் 1929 ஜூனில் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டவை: 'டாக் பாட்டம்', 'ஜங்கிள் மாமா'. அதில் தாளம் பிடிப்பது பேஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் டூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியமும். 1930களின் நடன ஜாஸான ஸ்விங்கின் வழுக்கலான ஓட்டத்தை அங்கே எதிர்பார்ப்பவர்கள், 'இது என்ன, கட்டை வண்டி மாதிரி இருக்கிறதே' என்று நிறுத்திவிடுகிறார்கள். 1934-க்கு வந்தால் பேஞ்சோ இருந்த இடத்தில் கிடார், டூபா இருந்த இடத்தில் ஜான் கிர்பியின் டபுள் பாஸ். வெப்பின் பால்டிமோர் காலத்து நண்பர் ஜான் ட்ரூஹார்ட் இரண்டு காலத்திலும் அவர் பக்கத்திலேயே இருக்கிறார், முதலில் பேஞ்சோவோடு, பிறகு கிடாரோடு. அடியில் இருக்கும் வாத்தியங்கள் மாற மாற டிரம்ஸின் வேலையும் மாறுவதை வரிசையாகக் கேட்பதுதான் இந்த ஆரம்பகாலப் பதிவுகளின் பெரிய லாபம். நடுவில் 1931-இல் 'ஹீபி ஜீபீஸ்' வருகிறது. இசை ஏற்பாடு பென்னி கார்ட்டர், டிராம்போனில் ஜிம்மி ஹாரிசன். ஹாரிசன் அதே ஆண்டு ஜூலையில் இறந்துவிட்டார். அந்தக் குழு எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இந்த ஒரு பக்கத்தைவிட (தட்டின் ஒரு பக்கம் என்றால் ஒரு பாட்டு) நல்ல சாட்சி இல்லை.

தட்டில் இருக்கும் பெயரை மட்டும் நம்புவது

'சிக் வெப்' என்று தேடி வருவதை மட்டும் கேட்டால் பாதி விட்டுப்போகும். 1929 பதிவுகள் 'தி ஜங்கிள் பேண்ட்' என்ற பெயரில் வந்தவை. இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அதே பெயரை பிரன்ஸ்விக் நிறுவனம் டியூக் எல்லிங்டன் குழுவுக்கும் போட்டது. கவனமில்லாத தொகுப்புகளில் எல்லிங்டன் வெப்பாகவும், வெப் எல்லிங்டனாகவும் மாறிக் கிடக்க வாய்ப்புண்டு. 1932 டிசம்பரில் லூயி ஆம்ஸ்ட்ராங் விக்டர் நிறுவனத்துக்காகப் பாடி வாசித்த 'ஹோபோ, யூ காண்ட் ரைட் திஸ் டிரெயின்' முதலிய பக்கங்களில் பின்னால் இருப்பது வெப்பின் குழு. அவை எப்போதும் ஆம்ஸ்ட்ராங் வரிசையில்தான் கிடைக்கும். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் (Ella Fitzgerald) 1935 ஜூனில் இந்தக் குழுவோடு முதல்முறையாகப் பதிவு செய்தார். பிறகு 'சவாய் எய்ட்' என்று அவர் பெயரில் வந்த சிறு குழுப் பதிவுகளிலும் வெப்பின் ஆட்களே வாசிக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. வெப் இறந்த பிறகு அதே குழு எல்லாவின் பெயரில் தொடர்ந்தது. வெப், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் இருவர் பெயரையும் போட்டு வரும் பெட்டிகளில் 1939 கோடைக்குப் பிந்தைய பக்கங்களும் இருக்கும். அங்கே டிரம்ஸில் பில் பீசன் போன்றவர்கள். அதைக் கேட்டுவிட்டு 'வெப் கடைசியில் சோர்ந்துவிட்டார்' என்று எழுதுபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. பதிவுத் தேதியை ஒரு தடவை பார்த்தால் போதும்.

எல்லாவின் பாட்டுகளைத் தாண்டிக் குதிப்பதும் வேண்டாம். ஒரு சின்னப் பெண் மைக் முன்னால் நிற்கும்போது அத்தனை பெரிய டிரம்மர் எவ்வளவு ஒதுங்கி இடம் விடுகிறார் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

தேதியைப் பார்க்காமல் யார் முதல் என்று முடிவு செய்வது

ஸ்ட்ரீமிங்கில் தெரியும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு. 1934-இல் வாசித்தது 1999 என்று காட்டும். இதனால் வரும் குழப்பத்தில் அதிகம் அநியாயத்துக்கு ஆளாவது 'ஸ்டாம்பின் அட் தி சவாய்', 'டோண்ட் பி தட் வே' இரண்டும். வெப்பின் குழுவில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்த எட்கர் சாம்ப்சன் உருவாக்கியவை இவை. வெப் இரண்டையும் 1934-லேயே பதிவு செய்துவிட்டார். குட்மனின் பதிவுகள் 1936-லும் 1938-லும் வந்தன. உலகம் முழுக்கப் பரவியது குட்மனுடையது. அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு வெப்பின் 'டோண்ட் பி தட் வே' அவசரமாக ஓடுவதுபோலத் தோன்றும். நகல் எடுத்து வேகத்தைக் கூட்டிவிட்டார் என்றுகூட நினைப்பார்கள். அசலே அந்த வேகம்தான், ஆடுபவர்களுக்கான வேகம். 1938 ஜனவரி 16 அன்று கார்னெகி ஹாலில் குட்மன் தன் புகழ்பெற்ற கச்சேரியைத் தொடங்கியது இந்த உருப்படியோடுதான். அதே இரவு சவாயில் வெப்பின் குழுவும் கவுண்ட் பேசி (Count Basie) என்பவரின் குழுவும் மோதிக்கொண்டிருந்தன.

இரைச்சலே இல்லாத பதிவைத் தேடுவது

பழைய ஷெல்லாக் தட்டின் 'ஷ்ஷ்ஷ்' ஓசையும் சிம்பலின் ஓசையும் ஒரே அலைவரிசைப் பகுதியில் இருப்பவை. கணினியில் இரைச்சலை முழுக்கத் துடைத்தால் சிம்பலும் கூடவே போய்விடும், உமியை ஊதப்போய் அரிசியையும் ஊதிவிட்ட கதையாக. கிடார் ரசிகருக்கு இதனால் அவ்வளவு நஷ்டமில்லை. டிரம்ஸ் ரசிகருக்கு மிச்சமிருந்ததும் போய்விடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பாட்டின் கடைசி நொடிகளை மட்டும் கேளுங்கள். கடைசி ஸ்வரத்தோடு அடித்த சிம்பல் மெல்ல மெல்லத் தேய்ந்து தட்டின் இரைச்சலுக்குள் கரைகிறதா, இல்லை கத்தரித்ததுபோல சட்டென்று நின்று வெறுமையாகிறதா? கத்தரித்திருந்தால் அந்தப் பதிப்பு வேண்டாம். பாடகரின் 'ஸ', 'ஷ' ஓசைகள் மழுங்கியிருந்தாலும் அதே கதைதான். பழைய தட்டுகளின் ஒலியைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவதில் பேரெடுத்த ஜான் ஆர்.டி. டேவிஸ் போன்றவர்கள் வெடிப்போசைகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்கினார்கள், வாத்தியத்தைத் தொடவில்லை. அப்படிப்பட்ட பெயர் உறையில் இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம். 1960களில் ஒற்றைத் தடப் பதிவுகளைப் போலி ஸ்டீரியோவாக்கி, எதிரொலியும் சேர்த்து வந்த எல்.பி.க்களை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர் இருந்தாலும் எல்லாத் தட்டும் சரியாக அதே வேகத்தில் வெட்டப்பட்டதில்லை. 78-க்குரியதை 80-இல் சுழற்றினால் மூன்று நிமிடப் பாட்டு நான்கரை நொடி சுருங்கும், சுருதி கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி ஏறும். தாளத்தைக் கேட்கவே வந்தவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஒரே பதிவு இரண்டு வெளியீடுகளில் வேறு வேறு சுருதியில் ஒலித்தால் எதையும் கண்மூடி நம்பாமல் பியானோவோடு ஒத்துப்பாருங்கள்.

முழுத் தொகுப்பு என்றால் எல்லாம் இருக்கும் என்று நினைப்பது

மொசைக் நிறுவனம் 2013-இல் எட்டு சிடிகளில் வெப், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் இருவரும் டெக்கா நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளைக் கொண்டுவந்தது. அருமையான பெட்டி. ஆனால் அது டெக்காவுக்கு மட்டும்தான் முழுமை. 1934 மே மாதத்து 'ஸ்டாம்பின் அட் தி சவாய்' கொலம்பியா நிறுவனத்துக்காக வாசித்தது, அதில் கிடைக்காது. ஆரம்பகாலம்தான் வேண்டுமென்றால், நிறுவன வேலி இல்லாமல் கால வரிசையில் கோத்த 'கிளாசிக்ஸ்' வரிசையின் 1929–1934 சிடியைத் தேடுவது நல்லது. ஐரோப்பாவில் பதிவுகளுக்கான காப்புரிமை 50 ஆண்டாக இருந்த காலத்தில் முடிந்துபோனதால், அங்கிருந்து மலிவுத் தொகுப்புகள் ஏராளமாக வந்தன. அவற்றில் பலவற்றில் யார் வாசித்தார், எப்போது பதிவானது என்ற விவரமே இருக்காது. உறையில் தேதியும், பதிவுக்கு நிறுவனம் கொடுத்த அடையாள எண்ணான மேட்ரிக்ஸ் எண்ணும் இல்லாத தொகுப்பை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெப்பின் பிறந்த ஆண்டை ஒரு உறை 1905 என்றும் இன்னொன்று 1909 என்றும் போட்டிருக்கும். அது பழைய குழப்பம், அதை வைத்துத் தொகுப்பை ஒதுக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 'ப்ளூ மைனர்'. 1934-இல் முதலில் ஓகே (OKeh) நிறுவனத்துக்காகவும், அதே ஆண்டு பின்னால் டெக்காவுக்காகவும் இதே குழு இரண்டு தடவை பதிவு செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, டிரம்பெட்டையும் சாக்ஸபோனையும் விட்டுவிட்டு, டிரம்ஸ் எந்த அறையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ஹெட்போனைவிட அறையில் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பது மேல். மூன்றாவது, நான்காவது தடவையில் ஸ்னேர் தானாக முன்னுக்கு வரும்.