பிள்ளை தானே எடுத்துத் தின்னும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு மாதக் குழந்தை அவித்த சீனிக்கிழங்குத் துண்டைக் கையில் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. ஒருமுறை ஓங்கரித்ததுதான் தாமதம், தாய் பதறி அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். மூத்த மகளுக்கு நானும் அதையே செய்தவள். 6 மாதம் நிறையட்டும், கையைக் கழுவுங்கள் என்பவற்றையெல்லாம் செவிலியரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாய்க்குள் விரல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கைக்குழந்தைகளுக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கில் நம்மைவிட முன்னாலேயே இருப்பதால், துண்டு தொண்டையை எட்டுமுன்பே உடல் அதை வெளியே தள்ளிவிடுகிறது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, சத்தத்தோடு இருமும் பிள்ளையின் அருகில் அமைதியாக இருந்தாலே போதும். என் மகளின் நாக்கு நுனியில் கிடந்த பூசணித் துண்டோ என் விரல் பட்டு உள்ளே போய் அடைத்துக்கொண்டது. குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டிய பிறகே வெளியே வந்தது. அதன்பின் மூன்று வாரம் அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. ஆச்சி பழியைப் பூசணிக்காயின்மேல் போட்டார்.

அழவோ இருமவோ முடியாமல், சத்தமின்றி உதடு நீலம் பாய்ந்தால் அதுவே மூச்சடைப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருக்கையிலேயே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

பொடிப்பொடியாக நறுக்குவது

இந்த வயதில் பிள்ளை முழு உள்ளங்கையாலும் பிடிப்பதால், மூடிய கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நீளத் துண்டே அதற்கு உதவும். இரு விரலால் பொறுக்குவது ஏறத்தாழ ஒன்பதாம் மாதத்தில்தான் வரும். துண்டு நம் விரல்களுக்கிடையே எளிதில் நசுங்க வேண்டும். நார் மிகுந்த பனங்கிழங்கும் வழுக்கும் நுங்கும் ஆகா. நிலக்கடலையை முழுதாகத் தருவது ஐந்து வயதுவரை கூடாது. அல்வாவை நாக்கில் தடவிவிடும் மாமாக்களைத் தடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

சாய்த்து வைத்து ஊட்டுவது

நிமிர்ந்து உட்காராத பிள்ளைக்குத் துண்டு உணவு வேண்டாம்.

தேன்

ஒரு வயது நிறையும்வரை ஒரு துளிகூடக் கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டு வைக்கும் சேனைச் சடங்குக்கும் இது பொருந்தும்.

காய்கறியோடு நிறுத்துவது

பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஏறத்தாழ 6 மாதத்தில் குறையத் தொடங்குவதால், நன்கு வெந்த முட்டையும் முள் நீக்கிய மீனும் குழைந்த பருப்பும் தொடக்கத்திலிருந்தே தட்டில் இருக்க வேண்டும்.

தாய்ப்பாலைக் குறைப்பது

முதல் சில வாரங்களில் உணவு வயிற்றுக்குப் போவதைவிடத் தரைக்குப் போவதே அதிகம் என்பதால் பாலைக் குறைக்க வேண்டாம். என் இளையவன் ஓர் இட்லியை முழுதாக உண்ணப் பத்தாம் மாதம் ஆயிற்று.