பழைய போர்ஷே 911 கியர்பாக்ஸுக்கு ஆயில் கூலரும் பம்ப்பும் போடறது எப்படி

கூலர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டெம்பரேச்சர் சென்சாரும் மீட்டரும் வாங்குங்க, இத யார் கேட்டாலும் முதல்ல சொல்லுவேன். 915 கியர்பாக்ஸ் வெச்ச 911 (1972 மாடல்லேர்ந்து 86 வரைக்கும், அப்புறம் ஜி50-ங்கற வேற கியர்பாக்ஸ் வந்துடுச்சு) ரோட்ல மட்டும் ஓடுதுன்னா பெரும்பாலும் கூலரே வேண்டாம். ட்ராக்ல விடாம அரை மணி நேரம் விரட்டினாதான் பிரச்சனை, ஏன்னா கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே கேஸ்க்குள்ள (உலோகக் கூடு), மொத்தமே 3 லிட்டர் ஆயில், ஒட்டினாப்ல இன்ஜின் வேற. மீட்டர் 110 டிகிரிக்குள்ள நின்னா பணத்த டயருக்கு செலவு பண்ணுங்க. 120, 130னு ஏறிட்டே போச்சுன்னா ஆயில் நீர்த்துப் போய் கிரவுன் வீல் (டிஃபரன்ஷியல்ல இருக்கிற பெரிய பல்சக்கரம்), பினியன் (அத சுத்தற சின்ன பல்சக்கரம்) பல்லுல ஆயில் படலம் மெலிஞ்சுடும், அப்ப கூலர் போட்டே ஆகணும். உங்களோடது 1984 மாடல்லேர்ந்து வந்த 3.2 கரேராவா (3.2 லிட்டர் இன்ஜின் வெச்ச 911) இருந்தா போர்ஷேவே உள்ள ஒரு பம்ப்பும் வெளிய ஒரு கூலிங் பைப்பும் குடுத்திருக்கான், முதல்ல அது அடைப்பில்லாம ஓடுதான்னு பாருங்க.

சென்சார் கேஸ்லயே, ஆயில்ல முங்கற இடத்துல இருக்கணும். ஹோஸ்ல வெச்சா பம்ப் ஓடாதப்ப அங்க தேங்கி நிக்கற ஆயிலோட சூட்டத்தான் காட்டும், நம்பவே முடியாது.

இப்ப ஆயில எங்கேர்ந்து எடுக்கறது. ட்ரெயின் போல்ட் ஓட்டையிலயே (17 எம்எம் ஆலன் கீ போடற போல்ட்) ஃபிட்டிங் மாட்டி எடுக்கறவங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்காது. அடியில தொங்கிட்டு நிக்கும், கர்ப்ல (ட்ராக் ஓர மேடு) தட்டினா மொத்த ஆயிலும் ட்ராக்ல, அதோட அந்த போல்ட்ல இருக்கிற காந்தம் பிடிச்சு வெக்கற இரும்புத் தூளையும் பம்ப் உறிஞ்சிக்கும். அடிமட்டத்துக்கு கொஞ்சம் மேல பக்கவாட்டுல தனியா ஒரு பாஸ் (ஃபிட்டிங் திருகறதுக்கான தடிச்ச உலோகத் துண்டு) வெல்ட் பண்ணி எடுக்கறதுதான் சரி. இதுக்கு கியர்பாக்ஸ இறக்கி முழுசா பிரிச்சிருக்கணும், மூடியிருக்கிற கேஸ்ல ட்ரில் போட்டா சீவல் உள்ள விழுந்து பேரிங் போயிடும். இன்னொன்னு, 1978-க்கு முந்தின கேஸ் பெரும்பாலும் மெக்னீசியம். அதோட சீவலும் தூளும் சட்டுனு தீப்பிடிக்கும், பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, உலர்ந்த மணல்தான், அதனால வெல்டிங்க மெக்னீசியம் தெரிஞ்ச ஆள்கிட்ட மட்டும் குடுங்க.

பம்ப்புக்கு வருவோம். கியர் ஆயிலுக்குன்னே வர்ற 12 வோல்ட் எலக்ட்ரிக் பம்ப் வேணும், டில்டன், மோக்கல் ரெண்டும் பண்றாங்க, பெட்ரோல் பம்ப்ப கொண்டு வந்து மாட்டாதீங்க, கெட்டி ஆயில அது இழுக்காது. ஆயில் மட்டத்துக்குக் கீழயோ சமமாவோ, கியர்பாக்ஸுக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல, ரப்பர் புஷ் வெச்சு மாட்டுங்க. உறிஞ்சற பக்கம் ஹோஸ் தடியா (ஏஎன்-10ங்கற சைஸ்), குட்டையா, வளைவு கம்மியா இருக்கணும், பம்ப்புக்கு முன்னாடி கழட்டிக் கழுவற மாதிரி ஒரு கம்பி வலை ஃபில்டர் கண்டிப்பா வேணும். பேப்பர் ஃபில்டர அந்தப் பக்கம் போட்டா குளிர்ந்த ஆயில் உள்ளயே போகாது.

கூலர் எங்க வெச்சாலும் காத்து உள்ள வர்றதவிட வெளிய போக வழி இருக்கான்னு பாருங்க. 911-ல பின் வீல் ஆர்ச்சுக்குள்ள இடம் கிடைக்கும், ஆனா எக்ஸாஸ்ட் சூடும் டயர் அடிக்கிற கல்லும் அங்கதான், அதனால முன்னாடி ஒரு வலை, பின்னாடி ஒரு ஃபேன், ஹோஸுக்கு ஹீட் ஸ்லீவ். ஃபிட்டிங் மேல் பக்கம் பாக்கற மாதிரி வெச்சா உள்ள காத்து அடைச்சுக்காது.

எல்லாரும் அசால்ட்டா விடற விஷயம் திரும்பி வர்ற ஆயில். கூலர்ல ஆறின ஆயில ஃபில்லர் ஓட்டை (ஆயில் ஊத்தற ஓட்டை) வழியா சும்மா கேஸுக்குள்ள ஊத்தினா மொத்த சூடு குறையும், அவ்வளவுதான், பல்லு அதே சூட்டுலதான் இருக்கும். உள்ள ஒரு மெல்லிய பைப் போட்டு, அதுல சின்ன ஓட்டைங்க போட்டு, கிரவுன் வீலும் பினியனும் கடிச்சு முடிச்சு வெளிய வர்ற பக்கம் பீச்சற மாதிரி திருப்புங்க, சூடு பிறக்கறதே அங்கதான், அங்கயே கழுவி எடுத்துடும். கடிக்கப் போற பக்கம் நிறைய பீச்சினா அந்த ஆயில நசுக்கறதுலயே இன்னும் சூடு ஏறும். நமக்கு வேண்டியது ஓட்டம், பிரஷர் இல்ல, ஓட்டைய ரொம்ப சின்னதாக்காதீங்க.

வயரிங்ல பம்ப்ப நேரா இக்னிஷன்ல குடுக்காதீங்க. காலையில கெட்டியா இருக்கிற ஆயில தள்ளப் போய் ஃப்யூஸ் போகும், இல்ல மோட்டாரே எரியும். கேஸ்ல 80, 85 டிகிரில ஆன் ஆகற தெர்மோ சுவிட்ச், அதுலேர்ந்து ரிலே, ஃப்யூஸ் பம்ப் மேனுவல்ல சொன்ன அளவுக்கு. பம்ப்புக்கு அப்புறம் ஒரு பிரஷர் சுவிட்ச் வெச்சு டேஷ்ல ஒரு லைட் குடுத்துடுங்க, பம்ப் நின்னா உடனே தெரியணும்.

ஆயில் ஊத்தறப்ப காரு சமதளத்துல இருக்கணும். ஃபில்லர் மட்டம் வரைக்கும் ஊத்தி, ரிட்டர்ன் ஹோஸ கழட்டி ஒரு பக்கெட்ல விட்டு பம்ப்ப சில செகண்ட் ஓட்டுங்க, குமிழி இல்லாம சீரா வருதான்னு பாத்துட்டு மாட்டி, மறுபடி ஓட்டி, குறைஞ்சத நிரப்புங்க. ஏஎன்-10 ஹோஸ் ஒரு மீட்டருக்கே சுமார் 150 மில்லி பிடிக்கும், கூலர் தனி. கூலர் உயரத்துல இருந்தா பம்ப் நின்னதும் ஆயில் கேஸுக்கு வடிஞ்சு மட்டம் ஏறி நுரை தள்ளும், அதனால ஆயில் திரும்பி வராம தடுக்கற ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டு, ப்ரீதர் ஹோஸயும் (கியர்பாக்ஸ் காத்து வெளிய போற குழாய்) ஒரு கேட்ச் கேன்ல (வழியற ஆயில பிடிக்கற டப்பா) விடுங்க. முதல் ட்ராக் நாள் முடிஞ்சு வந்ததும் வலை ஃபில்டர கழட்டிப் பாருங்க, சாம்பல் நிறத்துல பசை மாதிரி மெல்லிசா இருந்தா சாதாரணம், விரல்ல உறுத்தற மாதிரி துண்டு வந்தா கியர்பாக்ஸ இறக்கித்தான் ஆகணும்.