கிளியர் கிளிப்பா, கழட்டி மாட்டுற அலைனரா? உங்களுக்கு எதுன்னு முடிவு பண்றது இப்படித்தான்

பல்லு வரிசை சரியில்ல, கிளிப் போட்டுக்கலாம்னு மனசு வந்தாச்சு, ஆனா சிரிச்சா கம்பி பளிச்சுன்னு தெரியக்கூடாது. இப்படி இருக்கறவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு செராமிக் கிளிப், இதத்தான் கிளியர் கிளிப்னும் சொல்றாங்க. பல்லு கலர்லயே சின்னச் சின்ன பிராக்கெட்ட ஒவ்வொரு பல்லுலயும் ஒட்டி அதுல கம்பிய மாட்டி விடுவாங்க, ட்ரீட்மென்ட் முடியற வரைக்கும் நாமளா கழட்ட முடியாது. இன்னொண்ணு அலைனர், கலரே இல்லாத மெல்லிசான பிளாஸ்டிக் ட்ரே, ஒண்ணு முடிஞ்சா அடுத்ததுன்னு வரிசையா மாத்தி மாத்திப் போடணும், சாப்பிடறப்ப கழட்டிட்டு மறுபடி மாட்டிக்கணும். எது கம்மியா வெளிய தெரியும்னு மட்டும் பாத்து நிறைய பேரு முடிவு பண்ணிடறாங்க. அத கடைசியா பாருங்க. மொதல்ல உங்க பல்லுக்கு என்ன தேவை, அடுத்து உங்க ஒரு நாள் எப்படிப் போகுது, இந்த ரெண்டுலயே பாதிக்கு மேல விடை கிடைச்சிடும்.

ஸ்டெப் 1: சரியான டாக்டர பாருங்க

பிடிஎஸ் முடிச்சிட்டு அதுக்கு மேல 3 வருஷம் எம்டிஎஸ் ஆர்த்தோடான்டிக்ஸ் படிச்சவங்கதான் இதுக்குன்னே இருக்கற ஸ்பெஷலிஸ்ட். கிளினிக்குக்கு போன் பண்ணும்போதே ஆர்த்தோ டாக்டர் எந்த நாள் வருவாங்கன்னு கேட்டுட்டுப் போங்க, நிறைய இடத்துல வாரத்துல ஒரு நாள்தான் வருவாங்க. மொத்த தாடையும் தெரியற ஓபிஜி எக்ஸ்ரே, பக்கவாட்டு எக்ஸ்ரே, போட்டோ, அப்புறம் அச்சோ ஸ்கேனோ எடுப்பாங்க. சொத்தை, ஈறுல ரத்தம் இதெல்லாம் இருந்தா அத சரி பண்ணிட்டுத்தான் மத்ததெல்லாம். செலவு பயமா இருந்தா சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலயே ஆர்த்தோ டிபார்ட்மென்ட் இருக்கு, அங்க ஒரு தடவ போய்ப் பாருங்க.

ஸ்டெப் 2: "என் பல்லு எந்தப் பக்கம், எவ்ளோ நகரணும்?"

டாக்டர்ட்ட இந்தக் கேள்விய அப்படியே கேளுங்க. லேசான நெருக்கம், முன்னாடி சின்ன கேப், முன்ன கிளிப் போட்டு திரும்ப கொஞ்சம் கோணிப் போனது, இதுக்கெல்லாம் பெரும்பாலும் ரெண்டுமே சரியா வரும். ஆனா கடவாய்ப் பக்கத்துல பல்லு எடுத்துட்டு அந்தப் பெரிய கேப்ப மூடணும், கோரைப்பல்லு நல்லா திரும்பி நிக்குது, மேல ஏறி நிக்கற பல்ல கீழ இறக்கணும்னா ஒட்டின கிளிப்புக்குத்தான் பிடி அதிகம். அலைனர் பல்ல வெளிய இருந்து கவ்வித்தான் தள்ளுது, ஒரு ட்ரே சுமாரா கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும், உருண்டையா இருக்கற பல்லுல அதுக்குப் பிடி கிடைக்காம வழுக்கிடும். அந்தப் பிடிக்காகவே பல்லு கலர் சிமென்ட்ல சின்ன மேடு மேடா சில பல்லு மேல ஒட்டுவாங்க, அட்டாச்மென்ட்னு பேரு. கிட்டத்துல நின்னு பாத்தா அது தெரியும், அதனால அலைனர்னா வெளிய ஒண்ணுமே தெரியாதுன்னு நம்பிப் போகாதீங்க. டாக்டர் "உங்களுக்கு கிளிப்தான்"னு சொன்னா ஏன்னு கேளுங்க, "அலைனர்தான்"னு சொன்னாலும் ஏன்னு கேளுங்க.

ஸ்டெப் 3: உங்க ஒரு நாள பேப்பர்ல எழுதுங்க

எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான ஸ்டெப்பு, இத யாரும் செய்யறதே இல்ல. அலைனர் ஒரு நாளைக்கு 20லருந்து 22 மணி நேரம் வாயில இருக்கணும். 22ன்னு வச்சா உங்க கையில இருக்கறது 2 மணி நேரம், அதாவது 120 நிமிஷம். காலைல காபி 10, டிபன் 25, மத்தியானச் சாப்பாடு 30, சாயங்காலம் டீ 10, ராத்திரி 30, ஆச்சு 105. ஒவ்வொரு தடவையும் வாய கழுவி பல்லு தேச்சு திரும்ப மாட்ட 3 நிமிஷம்னு வச்சாலும் 15, மொத்தம் 120 காலி. ஆபீஸ்ல 4 மணிக்கு வர்ற பஜ்ஜிக்கு இதுல இடமே இல்ல.

ட்ரேய போட்டுக்கிட்டே டீ குடிக்கலாமேன்னு தோணும், வேண்டாம். சூட்டுல பிளாஸ்டிக் வளைஞ்சிடும், கறை ஏறும், சர்க்கரை உள்ளயே தேங்கி சொத்தையாக்கும், ட்ரே வாயில இருக்கறப்ப சாதா தண்ணி மட்டும்தான். ஹோட்டல்ல கழட்டினா டிஷ்யூல சுத்தி இலை பக்கத்துல வைக்காதீங்க, இலையோட சேத்து எடுத்துட்டுப் போயிடுவாங்க, டப்பாவுலதான் வைக்கணும். நேரம் குறைச்சுப் போட்டா அதுவே காட்டிக் குடுத்துடும்: அடுத்த ட்ரே முழுசா உக்காராது, பல்லு நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல கேப் தெரியும். அப்படித் தெரிஞ்சா அதுக்கு அடுத்ததுக்குப் போகாம டாக்டர்ட்ட சொல்லிடுங்க. அடிக்கடி கொறிக்கறவங்க, வெளிய அலையற வேலைல இருக்கறவங்க, பிள்ளைங்க, இவங்களுக்கெல்லாம் நான் தயங்காம செராமிக் பக்கம்தான் கைய காட்டுவேன்.

ஸ்டெப் 4: செராமிக்னா வீட்டு சாப்பாட்டோட எப்படி

செராமிக் பிராக்கெட்ல கறை அவ்வளவா ஏறாது, அதச் சுத்தி கம்பிய பிடிக்கற குட்டி ரப்பர் வளையம்தான் பிரச்சனை. சாம்பார், மீன் குழம்புன்னு மஞ்சள் போட்ட எதச் சாப்பிட்டாலும் சீக்கிரமே அது மஞ்சளாகும், 4லருந்து 6 வாரத்துக்கு ஒரு தடவ போறப்ப மாத்திடுவாங்க. ரப்பரே வேண்டாம்னா, பிராக்கெட்டே கம்பிய பிடிச்சுக்கற செல்ஃப் லிகேட்டிங் செராமிக் இருக்கான்னு கேளுங்க. முறுக்கு, தட்டை, கரும்பு, முழு கொய்யா, இதுக்கு லீவு விட்டுடுங்க, பிராக்கெட் பிச்சுக்கிட்டு வந்தா ட்ரீட்மென்ட் நீளும். கீழ் வரிசைக்கு மெட்டல்தான்னு டாக்டர் சொன்னா சண்டை போடாதீங்க, செராமிக் பல்லோட மேல்படலமான எனாமலவிட கெட்டி, கடிக்கறப்ப மேல் பல்லு உரசித் தேஞ்சிடும். பிராக்கெட்டச் சுத்தி அழுக்கு நின்னா கழட்டறப்ப வெள்ளை வெள்ளையா தழும்பு இருக்கும், அதனால இடைவெளிக்குள்ள போற குட்டி பிரஷ் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

ஸ்டெப் 5: பணம் கட்டறதுக்கு முன்னாடி

அலைனர் பொதுவா செராமிக்கவிட விலை கூட. எந்த பிராண்ட், கடைசியில பல்லு சரியா வரலன்னா கூடுதல் ட்ரே அந்தப் பணத்துலயே வருமா, ரீடெய்னர் (ட்ரீட்மென்ட் முடிஞ்சப்புறம் பல்லு திரும்ப நகராம பிடிச்சு வைக்கறது) சேத்தியா தனியா, எல்லாத்தையும் எழுதி வாங்கிடுங்க. டாக்டர நேர்ல பாக்காம வீட்டுக்கே பார்சல்ல வர்ற அலைனர் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவுல ஸ்மைல் டைரக்ட் கிளப்னு ஒரு பெரிய கம்பெனி அப்படித்தான் வித்துச்சு, 2023 செப்டம்பர்ல திவால் மனு போட்டு டிசம்பர்ல கடைய மூடிட்டாங்க, பாதி ட்ரீட்மென்ட்ல இருந்த ஜனங்க அடுத்து யார்கிட்ட போறதுன்னு தெரியாம நின்னாங்க.

ஸ்டெப் 6: ரீடெய்னர்

எதப் போட்டாலும் இதுலருந்து தப்பிக்க முடியாது. பல்லு நகர்ந்த இடத்துல எலும்பு கெட்டியாக நாளாகும், அதுக்குள்ள விட்டா பழைய இடத்துக்கே போகப் பாக்கும். பின்னாடி ஒட்டற மெல்லிசு கம்பியா, ராத்திரி மாட்டற ட்ரேயா, எவ்ளோ காலத்துக்கு, இத மொத நாளே டாக்டர்ட்ட கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.