ஷிராஹாமா கடலோர ஹோட்டலில் தங்கி ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஜப்பானின் கீ தீபகற்பத்தில், வக்காயாமா மாகாணத்தின் தென்மேற்குக் கரையில் இருக்கும் வெந்நீர் ஊற்று ஊர் ஷிராஹாமா. ஒசாக்காவாசிகள் வார இறுதியில் வந்து தங்கும் இடம் என்பதால் கரையோரம் நெடுக ஹோட்டல்கள் நிறைந்திருக்கின்றன. பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை நடந்தோ, சில நிமிடப் பேருந்துப் பயணத்திலோ எட்டிவிடும் தொலைவில் இருப்பதால், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அருகில் உள்ளதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்றுதான் பலரும் கிளம்புகிறார்கள். அப்படிக் கிளம்புகிறவர்கள், மாலையில் பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு, சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் ஹோட்டலின் உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊரில் நாளைத் தீர்மானிப்பவை மூன்று: சூரியன் மறையும் நேரம், கடலின் கொந்தளிப்பு, ஹோட்டல் குறித்துக் கொடுக்கும் இரவு உணவு நேரம். இவற்றை ஒட்டித் திட்டமிட்டால் இரண்டு இரவுத் தங்கலிலேயே ஊரை நிறைவாகப் பார்த்துவிடலாம்.

வந்து சேரும் வழி எளிது. ஷின்-ஒசாக்கா நிலையத்திலிருந்து 'குரோஷியோ' விரைவு ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஷிராஹாமா நிலையத்தில் இறங்கலாம். ஒசாக்காவின் டென்னோஜி நிலையத்திலிருந்து ஏறினால் இன்னும் சற்றுக் குறையும். தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், கடல் அந்தப் பக்கம்தான் வரும். மினாபே என்ற ஊரை நெருங்கும் இடத்தில் தண்டவாளம் கரையை ஒட்டியே ஓடுகிறது. டோக்கியோவிலிருந்து வருபவர்களுக்கு ஹனேடாவிலிருந்து நேரடி விமானம் உண்டு, பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நிலையமும் கடற்கரையும் அடுத்தடுத்து இல்லை. இடையே பத்துப் பதினைந்து நிமிடப் பேருந்துப் பயணம் இருக்கிறது. பல ஹோட்டல்கள் நிலையத்துக்குத் தம் வேனை அனுப்புகின்றன, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நகரப் பேருந்துக்கு ஒரு நாள் சீட்டு கிடைக்கிறது. பேருந்துகள் நம் ஊரில்போல நிமிடத்துக்கு ஒன்று வருவதில்லை என்பதால் நிலையத்திலேயே கால அட்டவணைத் தாளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது 'கடல் பார்த்த அறை' என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், அறை மேற்குப் பார்த்ததா என்று கேளுங்கள். அறைக்குள் நுழைய மாலை 3 மணி ஆகும். அதற்கு முன்னே வந்துவிட்டால் பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுச் சுற்றப் போகலாம், அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பது வழக்கமில்லை. அறைச் சாவியைத் தரும்போதே இரவு உணவு எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் இங்கே சூரியன் மாலை 6 மணியையொட்டி மறைகிறது. ஜூன் இறுதியில் 7 மணிக்குப் பிறகும், டிசம்பரில் 5 மணிக்கு முன்பாகவும் மறைந்துவிடுகிறது. குளிர்காலத்தில் வந்தால் 6 மணி உணவு பொருந்தும்; வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதே 6 மணியை ஒப்புக்கொண்டால் அந்தி கைநழுவிப் போகும். பிந்திய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜப்பானிய விடுதிகளில் உணவு ஒவ்வொரு தட்டாகச் சூடாக வரும், ஆகவே ஒப்புக்கொண்ட நேரத்துக்குப் பிந்திப் போவது சமையலறையில் இருப்பவர்களை வருத்தும் செயல்.

முதல் நாள் மாலையை எங்கெட்சு தீவுக்கு ஒதுக்குங்கள். கரைக்கு மிக அருகில் கடலில் நிற்கும் சிறிய பாறைத் தீவு இது; வடக்கு தெற்காக 130 மீட்டர், உயரம் 25 மீட்டர். அலைகள் அரித்து அரித்து அதன் நடுவில் வட்டமான ஒரு துளையைத் திறந்துவிட்டிருக்கின்றன. கடற்கரையிலிருந்து நடந்தால் அரை மணி நேரம் ஆகலாம், பேருந்தில் சில நிமிடங்களே. சூரியன் மிகச் சரியாக அந்தத் துளைக்குள் இறங்கும் காட்சி ஆண்டின் சில நாட்களில்தான் கிடைக்கும், அப்போதும் சாலையோரத்தில் நிற்கும் இடத்தைச் சற்று முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். எந்த நாளில் எங்கே நிற்பது என்பதை ஹோட்டல் வரவேற்பறையில் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். துளைக்குள் இறங்காத நாட்களிலும் பாறையின் கரிய விளிம்புக்குப் பின்னால் வானம் சிவப்பது பார்க்கத் தகுந்தது என்பதால், தேதி பொருந்தவில்லையே என்று இந்த மாலையை விட்டுவிட வேண்டாம். சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் நின்றுவிடுங்கள். திரும்பும் பேருந்து நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சற்று முன்கூட்டியே போக முடிந்தால் அதே பகுதியில் இருக்கும் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கியோட்டோ பல்கலைக்கழகம் 1922-இல் இங்கே ஒரு கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தை நிறுவியது. அதன் மீன்காட்சியகத்தில் இந்தக் கடலோரத்தில் வாழும் மீன்களையும், நண்டு, நட்சத்திர மீன், கடல் சாமந்தி போன்ற முதுகெலும்பற்ற உயிர்களையும் காணலாம். ஆடம்பரம் இல்லாத பழைய கட்டடம் என்றாலும், இந்தக் கரையின் பாறை இடுக்குகளில் என்னென்ன வாழ்கின்றன என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டும் இடம் வேறில்லை. அருகிலுள்ள குன்றின் மேல் மினாக்கத்தா குமகுசு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1867-இல் பிறந்து 1941-இல் மறைந்த இந்த இயற்கையியலாளர், கோயில் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்துப் போராடியவர். 1929-இல் ஷோவா பேரரசர் இங்கே வந்தபோது, தாம் சேகரித்த சளிப்பூஞ்சை மாதிரிகளை மிட்டாய்ப் பெட்டிகளில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவர் இவர்தான். பேரரசரும் அவரும் சந்தித்த காஷிமா தீவை அருங்காட்சியகத்தின் மேல்தளத்திலிருந்து பார்க்கலாம். இந்த ஊரில் ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள் என்பேன்.

மறுநாள் காலையைப் பாறைகளுக்குக் கொடுங்கள். முதலில் பேருந்தில் சான்டான்பெக்கிக்குப் போய், அங்கிருந்து ஊரை நோக்கி நடந்து திரும்புவதே வசதியான முறை. சான்டான்பெக்கி ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்தில் கடல்மேல் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர். மேலே நின்று பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். நுழைவுச் சீட்டு வாங்கி லிஃப்டில் 36 மீட்டர் கீழே இறங்கினால், பாறைக்கு அடியில் கடல் குடைந்த குகைக்குள் போகலாம். அலை ஒவ்வொரு முறை உள்ளே புகும்போதும் குகை முழுவதும் அதிர்ந்து, நீர்த்திவலைகள் முகத்தில் தெறிக்கும். கீழே ஈரம் வழுக்கும் என்பதால் பிடிமானமுள்ள செருப்பு அவசியம். பழங்காலக் குமானோ கடற்படையினர் தங்கள் படகுகளை இங்கே மறைத்து வைத்ததாகச் சொல்வார்கள். குகைக்குள் பென்சாய்தென் சந்நிதி ஒன்றும் உண்டு. பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாக ஜப்பானுக்குப் போன நம் சரஸ்வதிதான் அவள், அங்கே நீர் நிலைகளையும் காப்பவளாக வணங்கப்படுகிறாள்.

குகையிலிருந்து வெளியே வந்து வடக்கே கால் மணி நேரம் நடந்தால் சென்ஜோஜிகி. மணற்பாறை அடுக்கடுக்காகக் கடலை நோக்கிச் சரிந்து விரிந்திருக்கும் பெரும் தளம் இது. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: விரல் அகலத்துக்கும் குறைவான அடுக்குகள், தொட்டாலே மணலாக உதிரும் விளிம்புகள், அலை சுழன்று குடைந்த சிறு குழிகளில் தேங்கிய உப்பு நீர். பாறை இவ்வளவு மென்மையாக இருப்பதாலேயே வந்தவர்கள் தங்கள் பெயர்களை ஆழமாகச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் காட்டி, பாறையில் எதுவும் கீறக் கூடாது என்று அங்கேயே சொல்லிக் கொடுப்பது நல்லது. காற்று பலமாக வீசும் நாளில் கடல் விளிம்புக்குப் போகாதீர்கள். நனைந்து கறுத்திருக்கும் பகுதி வரை அலை எட்டும் என்று பொருள்.

இன்னும் வடக்கே நடந்தால் சாக்கி-நோ-யு என்ற திறந்தவெளிக் குளியல் வரும். பேரரசி சைமெய் 658-இல் இந்த ஊரின் வெந்நீர் ஊற்றுக்கு வந்து தங்கியதாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு உண்டு. அந்தப் பழமையான ஊற்றுகளில் இன்றும் எஞ்சியிருப்பது இதுவே. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். தொட்டிக்கும் கடலுக்கும் நடுவே சில பாறைகள் மட்டுமே இருப்பதால் அலை உயர்ந்தால் மூடிவிடுவார்கள், ஆகவே கிளம்பும் முன் ஹோட்டலில் விசாரியுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

பொதுக் குளியல் நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால் ஹோட்டல் குளியலறையின் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உடையை முழுவதும் களைந்து கூடையில் வைத்துவிட்டு, சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வரிசையாக இருக்கும் சிறு முக்காலி ஒன்றில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை ஒரு துளியும் இல்லாமல் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்கலாம். நீளக் கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும், துண்டு தண்ணீரில் படக் கூடாது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே உணர்ந்துவிடுவீர்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் தனிக் குளியலறை பல விடுதிகளில் உண்டு, அதை வந்தவுடன் பதிந்துகொள்ளுங்கள். உடலில் பச்சை குத்தியிருப்பவர்கள் பதிவு செய்யும்போதே அனுமதி உண்டா என்று கேட்டுவிட வேண்டும்.

நடையின் முடிவில் ஷிராராஹாமா கடற்கரைக்கு வந்து சேர்வீர்கள். படிகக் கல் மிகுந்த வெண்மணல் ஏறக்குறைய 620 மீட்டர் நீளத்துக்குப் பிறை வடிவில் கிடக்கிறது. கடல் மணலை அரித்துச் சென்றதால் ஆஸ்திரேலியாவிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் காற்று மணலை அள்ளிப் போகாதபடி வலைத் தடுப்புகள் கட்டப்படும். நீந்த வேண்டும் என்றால் ஜூலை, ஆகஸ்ட். ஆனால் அப்போது கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். நடக்கவும் பார்க்கவும் மட்டும்தான் என்றால் ஏப்ரலும் மேயும் அக்டோபர் பிற்பகுதியும் மேல். ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரை புயல்களின் காலம், ரயில்களே நின்றுவிடக்கூடும்.

உணவில் ஒரு முன்னெச்சரிக்கை. காய்கறிச் சாறுபோலத் தோன்றுவதிலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு சேர்ந்திருக்கும். சைவர்கள் 'மீன் சாறும் கூடாது' என்று பதிவின்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும், அன்று மாலை சொன்னால் சமையலறையால் மாற்ற இயலாது. மினாபே வட்டாரத்து ஊறவைத்த உமே என்ற ப்ளம் வகைக் காயும் வெறும் சோறும் நம் நாக்குக்கு இணக்கமானவை. ஆனால் தேன் சேர்த்தது, மீன் சீவல் சேர்த்தது என்று பல வகை இருப்பதால் பார்த்து வாங்குங்கள். மீன் உண்பவர்களுக்குக் குளிர்காலத்தில் கிடைக்கும் 'குஏ' என்ற பெரிய களவா மீன் இந்த ஊரின் பெருமை. நிலையத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே உள்ள தொரெத்தொரே மீன் சந்தையில் வாங்கி அங்கேயே உண்ணலாம்.

பழைய பயணக் குறிப்புகள் ஷிராஹாமாவின் பாண்டாக்களைப் பற்றி விரிவாகச் சொல்லும். அட்வென்ச்சர் வேர்ல்டு பூங்காவில் எஞ்சியிருந்த நான்கு பாண்டாக்களும் 2025 ஜூனில் சீனாவுக்குத் திரும்பிவிட்டன. பூங்கா நடக்கிறது, ஆனால் பாண்டாவுக்காகவே குழந்தைகளை அழைத்து வராதீர்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் ரயிலில் ஒரு மணி நேரம் தெற்கே குஷிமோத்தோ போய் வரலாம். கடலில் வரிசையாக நிற்கும் ஹாஷிகுய் பாறைத் தூண்கள், ஹோன்ஷு தீவின் தென்கோடியான ஷியோனோமிசாக்கி, 1870-இல் ஒளியேற்றப்பட்ட காஷினோசாக்கி கலங்கரை விளக்கம் ஆகியவை அங்கே இருக்கின்றன. 1890 செப்டம்பரில் ஒட்டோமான் கப்பலான எர்துருல் அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு அருகே பாறையில் மோதி மூழ்கியபோது 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்த 69 பேரைக் கிராமத்தார் தங்களிடம் இருந்த கொஞ்ச உணவையும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் அங்கே உள்ளது. உள்ளூர்ப் பேருந்துகள் மிகக் குறைவு என்பதால் முதலில் திரும்பும் நேரத்தைக் குறித்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள். குமானோ யாத்திரைப் பாதைக்கும் ஷிராஹாமாவிலிருந்து பேருந்து உண்டு, ஆனால் அதை ஒரே பகலில் அடக்க முயலாமல் மலையில் ஓர் இரவு தங்குவதே சரி.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெளியேறும் வழிப் படத்தைப் பாருங்கள். ஹோட்டலுக்குப் பின்னால் எந்த மேடான இடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டு, முடிந்தால் ஒருமுறை நடந்தும் பாருங்கள். இந்தக் கரை நான்காய் கடலடிப் பள்ளத்தை ஒட்டியது, பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் ஆழிப்பேரலை சில நிமிடங்களிலேயே வந்துவிடக்கூடும். 2004 டிசம்பரை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலமாகவோ நீண்ட நேரமோ நிலம் ஆடினால் அறிவிப்புக்காகக் காத்திராமல், பெட்டியை எடுக்கப் போகாமல், உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.